பெயருக்குப் பின்னால் ஓர் எண்

எங்கள் தொழிற்சாலையின் பழைய கம்ப்யூட்டரை இந்த மார்ச்சில் கழற்றிக் கொண்டுபோனார்கள். அதற்கு முந்தின வாரம், வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஸ்டாக் விவரங்கள் எல்லாம் ஏற்கெனவே டேப்பில் ஏறியிருந்தன. எனக்கென்று நான் எடுத்தது ஒரே ஒரு கோப்பு. பிரிண்டரில் போட்டபோது மடிப்பு மடிப்பாகத் தாள் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு டெர்மினலின் எண், ஓர் ஆங்கில எழுத்து. சில வரிகளில் மட்டும் கடைசியில் இரண்டு இலக்க எண் ஒன்று.

அந்த எண்களை அடித்தது என் மனைவி ஞானசௌந்தரி. போன ஆகஸ்டில் அவள் இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள், பதினோராம் நாள் போய்விட்டாள். அந்தக் காய்ச்சலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. இது அவள் கண்ணைப் பற்றியது.

தெலுங்கும் உருதுவும் பேசும் எங்கள் ஊரில், நாச்சாரத்தைத் தாண்டி இருக்கும் பொதுத்துறைத் தொழிற்சாலையில் நாங்கள் இருவருமே வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டர் பிரிவு, அவள் ஸ்டோர்ஸ். பட்டறையிலிருந்து போன் வரும். இந்த பேரிங் எத்தனை இருக்கிறது, அந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கேட்பார்கள். அட்டைகளைப் புரட்டிச் சொல்லிக்கொண்டிருந்த பதிலை எண்பத்தாறிலிருந்து திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஸ்டோர்ஸில் எட்டு பேர், திரையும் விசைப்பலகையுமாக ஆறு டெர்மினல். மெஷினுக்குள் போக எட்டு பேருக்கும் சேர்த்து 'ஸ்டோர்ஸ்' என்று ஒரே பெயர்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்து உள்ளே போனதும், கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல் என்ற புரோகிராம் முதல் வேலையாக ஒரு கோப்பை வாசிக்கும். திரை எப்படி இருக்க வேண்டும், எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். புரொஃபைல் என்போம். பெயர் ஒன்று என்பதால் எட்டு பேருக்கும் புரொஃபைலும் ஒன்று. தொல்லை அங்கேதான். நான்கு டெர்மினல்கள் ஒரு கம்பெனி, இரண்டு வேறு கம்பெனி. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் ஓட்டினால் திரை முழுக்கக் குப்பை விழும். பராமரிப்புக்கு வரும் எஞ்சினியர் சந்திரமோகன் ஒவ்வொரு தடவையும் வயர்களை மாற்றிச் செருகிவிட்டுப் போவார். எந்த வயரின் முனையில் எந்த வகை டெர்மினல் என்று மெஷினுக்குத் தெரியாது.

மேனுவலில் ஒரு பத்தியில் வழி இருந்தது. பெயரைக் கேட்கும் இடத்திலேயே, பெயரை அடித்து, இடம் விட்டு, இன்னும் ஒன்றிரண்டு சொற்களை அடிக்கலாம். மெஷின் அவற்றைக் கீழே போடாமல் வைத்திருந்து புரொஃபைலிடம் கொடுக்கும். புரொஃபைல் அவற்றைக் கேட்டு நடக்கும்படி எழுதியிருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் அவை சும்மா கிடக்கும். நான் கேட்டு நடக்கும்படி எழுதினேன். 'ஸ்டோர்ஸ் ஏ' என்று அடித்தால் முதல் வகைத் திரை, 'ஸ்டோர்ஸ் பி' என்றால் அடுத்த வகை.

"பேருக்குப் பின்னால எல்லாருக்கும் டிகிரி குடுத்துட்டீங்க, ஜெயகரன் சார்" என்றாள் சௌந்தரிக்குப் பக்கத்து நாற்காலி கமலம். "இன்க்ரிமெண்ட் எப்போ?"

எண்பத்தேழு ஏப்ரலில் ஒரு நாள் பட்டறையிலிருந்து ஒரு பேரிங்கின் கையிருப்பைக் கேட்டார்கள். எண்ணிக்கை வரியின் வலது ஓரத்தில் இருக்கும். சௌந்தரி பன்னிரண்டு என்றாள். இருந்தது நூற்றிருபது. போதாது என்று நினைத்து அவர்கள் வேலையை நிறுத்திவைத்தார்கள். அரை நாள் போயிற்று. ஸ்டோர்ஸ் அதிகாரி லக்ஷ்மிநாராயணன் அவளைக் கூப்பிட்டார். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"பதினாலு வருஷத்துல உங்க மேல ஒரு புகார் கிடையாது. இது என்னம்மா?"

"ஸ்க்ரீன் ஓரம் மங்கிக் கிடக்கு சார். கடைசி எழுத்து தெரிய மாட்டேங்குது."

"சரி, எஞ்சினியரை வரச் சொல்றேன். சீனியர் போஸ்ட்டுக்கு உங்க பேர் போயிருக்கு. இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் வாயால சொல்ல முடியாது, பேப்பர்லதான் குடுக்கணும்."

சந்திரமோகன் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். சோதனைக்காகத் திரை முழுக்க ஒரே எழுத்தை ஓட விட்டார்.

"ட்யூப் பாகுந்தி அம்மா. எண்பது எழுத்தும் நல்லா இருக்கு."

"ஓரத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"ஓரத்தைத்தான் பார்த்தேன். என் கண்ணுக்கு இருக்கு."

"அப்ப என் கண்ணுதான் போச்சா?" என்றாள் சௌந்தரி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் வருடாந்திர உடல் சோதனை முடிந்திருந்தது. கண் சோதனை அட்டையில் கடைசி வரி வரைக்கும் வாசித்தவள், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்துவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அதை ஃபாக்டரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டெர்மினலை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் அதுவும் மங்குகிறது என்றாள். மூன்றாவதும் வந்தது. "அக்கா, கைக்கு ரோஜ், தினம் தினம் எதுக்கு அவரோட சண்டை?" என்று கமலம் சலித்துக்கொண்டாள். சந்திரமோகனின் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஆட்களுக்கு டெர்மினலைக் கையாளத் தெரியவில்லையாம்.

அவள் தினம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டாக் விவரம் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. வரிக்கு எத்தனை எழுத்து என்று சொன்னால் அந்த அகலத்துக்குள் மடித்துக் காட்டும். புரொஃபைலில் நாலு வரி சேர்த்தேன். பி என்று அடித்த பிறகு இன்னும் ஓர் இடம் விட்டு ஓர் எண்ணை அடித்தால், அன்றைக்கு அவளுக்கு அதுதான் திரையின் அகலம். எண் அடிக்காதவர்களுக்கு வழக்கம்போல எண்பது.

"எத்தன எழுத்து வேணும்னு நீயே போட்டுக்கோ. யார்ட்டயும் கேக்க வேண்டாம்" என்றேன்.

அவள் 76 என்று அடித்தாள். நூற்றிருபது அடுத்த வரியில் மடிந்து முழுதாக வந்து நின்றது.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்லா?" என்றாள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்தில், சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் சன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

அந்தக் கம்பெனிக் கடிதத்துக்குப் பதில் போட ஆதாரம் வேண்டும் என்று லக்ஷ்மிநாராயணன் கேட்டிருந்தார். எந்த டெர்மினலில் தொல்லை என்று காட்ட வேண்டும்; வயர்களை இனி இடம் மாற்றக் கூடாது என்று சந்திரமோகனிடம் சொல்லியாயிற்று. அதனால் புரொஃபைலில் கடைசியாக இன்னொரு வரியும் எழுதினேன். யார் உள்ளே வந்தாலும் அன்றைய தேதி, டெர்மினல், பெயருக்குப் பின்னால் அடித்த சொற்கள், மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும். எழுதியதோடு சரி. எட்டு மாதம் அதை நான் திறந்து பார்க்கவில்லை. சண்டை நின்றுவிட்டது. சண்டை நின்றால் யார் ஆதாரம் தேடுகிறார்கள்?

இந்த எட்டு மாதத்தில் வீட்டில் நடந்ததை இப்போது வரிசையாக அடுக்க முடிகிறது. அப்போது அவை தனித்தனியாகத்தான் இருந்தன. மேசை ஓரத்து டம்ளர்களைக் கை தட்டிவிடுவாள். குளியலறைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை இடது பக்கத்திலிருந்து வரும். பிடித்துக்கொண்டிருப்பவர் நின்று, இருமி, கடைசியில் அவள் மடியில் பையை இடிக்க வேண்டியிருக்கும்.

"ஆண்டவருக்குக் குடுக்கதுக்கு இவ்வளவு யோசனையா?" என்று வெளியே வந்ததும் கேலி செய்வேன்.

"நக்கோங்க, கேலி வேண்டாம். ஜெபத்துல இருந்தேன்" என்பாள்.

மெட்டுகூடாவில் ஒரு நாள் ரோட்டைத் தாண்டும்போது ஒரு சைக்கிளுக்கு நேரே போய் நின்றாள். சைக்கிள்காரர் உருதுவில் திட்டிவிட்டுப் போனார். "எங்கேருந்து வந்தான் இவன்?" என்று என்னைக் கேட்டாள். அவர் இடது பக்கம் வெகு தூரத்திலிருந்து மணி அடித்துக்கொண்டேதான் வந்தார். நான் அவளைத்தான் கோபித்தேன்.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. பழைய கடிதம் மறுபடி மேலே வந்தது. லக்ஷ்மிநாராயணன் ஆதாரத்தை ஞாபகப்படுத்தினார். ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கோப்பை பிரிண்ட் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எந்த டெர்மினலில் எண் அதிகம் குறைக்கப்பட்டிருக்கிறதோ அதுதான் கெட்ட ட்யூப் என்பது என் கணக்கு.

டெர்மினல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நம்பரில் 72 இருந்தது, அதே மூன்றாம் நம்பரில் 60 இருந்தது. ஐந்தாம் நம்பரிலும் அப்படியே. டெர்மினலை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பார்த்தேன். ஜூலையில் 76. ஆகஸ்டில் 76, 74. செப்டம்பர் முழுக்க 72. தீபாவளி முடிந்து 68. கிறிஸ்துமஸுக்கு முன்னால் 64. ஜனவரியில் 60, 58. முந்தின நாள் வெள்ளிக்கிழமை 54. எந்த டெர்மினலில் உட்கார்ந்தாலும் எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. ஒரு தடவைகூட ஏறவில்லை. அவள் எழுந்து போன அதே டெர்மினலில், அதே நாள், கமலம் வெறும் 'பி' என்று அடித்து எண்பது எழுத்தில் வேலை பார்த்திருந்தாள்.

டம்ளர், கதவு நிலை, காணிக்கைப் பை, சைக்கிள் எல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து நின்றன. பென்சிலைக் கீழே வைத்தேன். ட்யூப் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். மதியம் சாப்பாடு முடிந்ததும் தாளை அவள் முன்னால் விரித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு பார்வையில் முழுத்தாளையும் பார்க்காமல், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தலையையே திருப்பினாள். அதையும் நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"என்னது இது?"

"நீ போட்ட நம்பர்."

"நான் போடதெல்லாம் எழுதி வச்சிட்டு இருக்கீங்களா?" முகம் சிவந்துவிட்டது. "ஆபீஸ்ல ஆள் வச்சுப் பாக்க மாதிரி."

"ட்யூபுக்காக எழுதினது, சௌந்தரி. இன்னிக்குத்தான் பாக்கேன்."

"ட்யூப் மங்குது, நான் கொறைக்கேன். அதுல என்ன?"

"மூணு ட்யூப் பாத்தாச்சு. கமலத்துக்கு மங்கலையே."

தாளின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். நான் அந்த வீட்டுக்கு மருமகனாகப் போன வருடம் அவருக்குப் பார்வை அறவே போயிருந்தது. புரை முற்றிவிட்டது, கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

"அப்பாவுக்கும் அட்ட வாசிக்கதுல கொற இல்ல" என்றாள். "பட்டறைல ஊசி முனை பாப்பாவ. நடக்கும்போதுதான் முட்டிக்குவாவ. கிறிஸ்துமஸுக்கு முந்தி ஒரு நாள் 64 அடிக்கும்போது எனக்கு அது ஞாபகம் வந்துட்டு."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்தச் சொல்ல? சொன்னா நெசமாயிரும். வேலையும் போயிரும்னு பயம். நம்பரக் கொறச்சா அன்னிக்கு எல்லாம் சரியா இருக்கும்." தாளைத் தள்ளினாள். "யார்ட்டயும் கேக்க வேண்டாம்னுதானே நீங்க இதச் செஞ்சு குடுத்தீங்க. நானும் கேக்கல."

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். அந்த மூன்று சொற்களை நான் எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்பது எனக்கு நினைவிருந்தது.

திங்கட்கிழமை இருவரும் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று சிறிய கருவியை வைத்துப் பார்த்தார்கள். பிறகு சுவரில் தொங்கிய பெரிய கறுப்புத் துணிக்கு முன்னால் அவளை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருந்த பொட்டையே பார்க்கச் சொன்னார்கள். டாக்டரம்மா கறுப்புக் குச்சியின் முனையில் ஒரு வெள்ளை மணியை வைத்துக்கொண்டு துணியின் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தினார். மணி தெரிந்ததும் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்றேன். மணி ஓரத்தைத் தாண்டி, பாதி வழி வந்து, இன்னும் வந்தது. சௌந்தரி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். டாக்டரம்மா பார்வையாலேயே என்னை அடக்கினார். நடுப்பொட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதுதான் "இப்ப" என்றாள்.

ஒவ்வொரு பக்கமாக அப்படிச் செய்து, தெரிந்த இடத்தில் எல்லாம் குண்டூசி குத்தினார்கள். குண்டூசிகள் சேர்ந்து துணியின் நடுவில் கோணலான ஒரு சிறு வட்டமாக நின்றன. அவ்வளவுதான் அவளுடைய உலகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "பரவால்ல, கொஞ்சம் இருக்கு" என்றாள்.

கிளாக்கோமா என்றார் டாக்டரம்மா. ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், நடுப்பார்வை கடைசி வரைக்கும் இருக்கும், அதனால் அட்டையில் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டார். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் எண்களை மேலிருந்து கீழே வாசித்தார். மறுபடி வாசித்தார். நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருந்த நோயாளியை நான் பார்த்ததில்லை, யார் எழுதியது என்று கேட்டார்.

"மெஷின்" என்றேன்.

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். போனது திரும்பாது, மீதியை நிறுத்தி வைக்க முயற்சி செய்யலாம் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து விட்டால் தலை வலிக்கும், உலகம் இன்னும் இருட்டாகும். அவள் மூன்று வாரம் சகித்துக்கொண்டாள். அழுத்தம் போதிய அளவு இறங்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு கண்ணுக்கு, ஏப்ரலில் மற்றதுக்கு அறுவை செய்தார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று லக்ஷ்மிநாராயணனிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் சொல்கிறேன் என்றதற்கு, கேட்க வேண்டியவள் நான்தான் என்றாள். அவர் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாராம்.

"ரூல்ல சார்ட் வாசிக்கணும்னுதான் இருக்கு. வாசிக்கிறீங்களா?"

"அச்சுப்போட்டவன் பேர் வரைக்கும் வாசிக்கேன் சார்."

"அப்புறம் என்னம்மா. உங்க திரைய நீங்க எவ்வளவு வேணும்னாலும் மடிச்சுக்குங்க. எண்ணிக்கை தப்பாதிருந்தா சரி." பேனாவை மூடிவிட்டு, "படியில மட்டும் கமலத்தோட கைய பிடிச்சுக்கிட்டு இறங்குங்க" என்றாராம்.

அன்று அவள் அடித்த எண் 48. அறுவைக்கு முன்னால் 54ஆக இருந்தது. புண் ஆறும்வரை அப்படி இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்தேன். அவளுக்குத் தெரிந்தே திறந்தேன். ஆபீஸில் ஆள் வைத்துப் பார்க்கிறீர்களா என்று அவள் திரும்பக் கேட்கவில்லை. கமலம்தான் கேட்டாள், மார்க் ஷீட் பார்க்கிறீர்களா என்று.

மே மாதம் 48. ஜூனில் 48. மழை தொடங்கி 48. ஒரு தடவை 46 இருந்தது, அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன். விரல் வழுக்கிவிட்டது, மாற்ற சோம்பலாக இருந்தது என்றாள். மறுநாள் மறுபடி 48. தீபாவளி, கிறிஸ்துமஸ், புது வருடம். சீனியர் ஆப்பரேட்டர் ஆனாள். தாளில் அந்தப் பகுதியை வேறு யாராவது பார்த்தால் மெஷின் சிக்கிக்கொண்டது என்று நினைப்பார்கள். அத்தனை பக்கமும் ஒரே எண்.

போன வருடம் ஜூலையில், ஒரு திங்கட்கிழமை, கோப்பைத் திறந்தபோது கடைசி வரியில் எண் இல்லாமல் இருந்தது. அன்றைய தேதி, ஐந்தாம் நம்பர் டெர்மினல், பி. அதற்கப்புறம் வெறுமை. ஐந்தாம் நம்பரில் அப்போது அவளும் கமலமும்தான் உட்காருவார்கள். கமலம் அன்று வரவில்லை. எண் அடிக்காவிட்டால் எண்பது எழுத்து. முழு அகலம்.

நான் படிகளில் இறங்கி ஸ்டோர்ஸுக்கு ஓடினேன். அவள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது ஓரத்தில் தொடங்கித் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பி, வரியின் முடிவில் நிறுத்தி, மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்து அடுத்த வரி. வயலில் நீர் பாய்ச்சுகிறவர் வாய்க்கால் வாய்க்காலாகப் பார்த்துப் போவதுபோல நிதானமாக.

"என்ன ஆச்சு? நம்பர் போடலியே?" என்றேன். மூச்சு வாங்கிற்று.

"வேணும்னுதான் போடல" என்றாள், திரையை விட்டுத் திரும்பாமல். "பழசு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவ பாக்கணும்னு தோணிச்சு."

"தெரியுதா?"

"ஒண்ணா தெரியல. தேடித் தேடிப் பாக்கேன்." தலை வலது ஓரம் வரை போய் நின்றது. அங்கே ஏதோ ஒரு பேரிங்கின் எண்ணிக்கை இருந்தது. அவள் அதன் கடைசி இலக்கத்தை விரலால் தொட்டாள். "எல்லாம் அங்கங்கதான் இருக்குங்க. ஒண்ணும் எங்கயும் போயிரல."

பிறகு வெளியே வந்து, மறுபடி பெயரை அடித்து, இடம் விட்டு பி அடித்து, இடம் விட்டு 48 அடித்தாள். பட்டறையிலிருந்து போன் வந்தது. என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு எடுத்தாள்.